உறிஞ்சலாம், ஊதக்கூடாது

ஆதிகாலம் முதல் மனித இனத்தைப் பிடித்தாட்டும் பெருங்கேடு எதுவென்றால், ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பதுதான். இதைக் கண்டுபிடிக்க அரசுக்கு ஒரு தொற்றுநோய் தேவைப்பட்டது. கண்டுபிடித்த கையோடு, எதைக் கண்டுபிடித்தாலும் தான் வழக்கமாகச் செய்வதையே செய்தது. ஒரு பிரிவைத் தொடங்கியது.

இடைவெளி உறுதிப்பாட்டுப் பிரிவு என்ற அந்த அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், ஒற்றை அறையில் இயங்கிவந்தது. இருவருக்கு நடுவே ஆறடி இருந்தே தீர வேண்டும் என்பது அதன் தலையாய கொள்கை. அந்தக் கொள்கைப்படி அளந்து பார்த்ததில் அறைக்குள் மூன்று பேருக்குத்தான் இடமிருந்தது. பிரிவில் இருந்தவர்களோ நான்கு பேர். ஆகவே நான்காவது ஆளான தற்காலிக உதவியாளர் மாடிப்படியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

அவளுக்கு அதில் எள்ளளவும் வருத்தமில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது குரல் எழாமல் தலையை மட்டும் ஆட்டி, வகுப்பில் உட்கார்ந்தபடியே ஆப்சென்ட் வாங்கியவள் அவள். கல்லூரியில் இயற்பியல் எடுத்ததுகூட அணுக்கள் எதிர்க்கேள்வி கேட்காது என்ற நம்பிக்கையில்தான். பிறந்ததிலிருந்தே அவள் எல்லோரிடமும் ஆறடி தள்ளித்தான் நின்றாள். அரசுதான் தாமதமாக வந்து அவளோடு சேர்ந்துகொண்டது. தன் கூச்சம் ஒருநாள் சட்டமாகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'ஏம்மா' என்று கூப்பிட்டார்கள். மாடிப்படியை நோக்கி அப்படிக் கூப்பிட்டால் அவள்தான் என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட சொர்க்கத்துக்கு அந்த மாதக் கடைசியோடு ஆயுள் முடிய இருந்தது. பிரிவை நீட்டிப்பதா, இழுத்து மூடுவதா என்று ஆணையர் முடிவு செய்ய வேண்டும். நீட்டித்தால் அவள் வேலை நிரந்தரம். மூடினால் மாமா கடை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கடைத்தெருவில் குளியலறைச் சாமான் விற்கிறார். குழாய், வாஷ் பேசின், முக்கியமாகக் கமோடு. வரிசையாக வெள்ளை வெளேரென்று நிற்கும் கமோடுகளுக்கு நடுவே மருமகளுக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார்.

"வாயைத் திறந்து பேசணும்மா," என்பார் மாமா. "உட்கார்ந்து பாருங்க சார், எவ்வளவு சுகமா இருக்குன்னு சொல்லுங்க சார்னு, நாமதான் எடுத்துக் குடுக்கணும். பேசினாத்தான் பீங்கான் நகரும்."

முன்பின் தெரியாத ஆண்களைக் கமோடில் உட்காரச் சொல்லிச் சுகம் விசாரிப்பதை நினைத்தாலே அவள் முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அம்மாவோ வேலை நிரந்தரமாகிவிட்டதாக ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பொய் சொன்ன?"

"பொய்யா? முன்கூட்டிச் சொன்னேன். நீ அதை உண்மையாக்கு. எல்லாத்தையும் நானே செய்யணுமா?"

இந்த நிலையில்தான் பிரிவுத் தலைவருக்கு அந்த யோசனை வந்தது.

தலைவருக்கு 'இஞ்சுடேப்பு' என்று பெயர். இடுப்பில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். தெருவில் பேசிக்கொண்டு நிற்கும் காதலர்களுக்கு நடுவே அதை நீட்டிப் பார்த்த பெருமையுடையவர். அப்போது ஊரில் ஒரு புது மோகம் பரவியிருந்தது. அவரவர் முகத்தின் கீழ்ப்பாதியையே அவரவர் முகக்கவசத்தில் அச்சடித்து மாட்டிக்கொள்வது. தலைவரும் மாட்டியிருந்தார். அடர்ந்த மீசைக்குக் கீழே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும் முகம் அது. அதனால் அவர் யாரைத் திட்டினாலும் சிரித்தபடிதான் திட்டினார்.

"விருந்து வைக்கிறோம்," என்றார், சிரித்தபடி. "இடைவெளி விட்டு ஒரு விருந்தே நடத்த முடியும்னு ஆணையர் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டார்னா நீட்டிச்சுடுவார்."

"விருந்துன்னா கூட்டம் சார். கூட்டம் கூடாதுன்னு ஆணை போட்டதே நாமதான்," என்றார் கண்காணிப்பாளர் அம்மாள். இவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர். விதிகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். தும்மினால்கூட எந்த உட்பிரிவின் கீழ் தும்மினோம் என்று சொல்லக்கூடியவர்.

"கூட்டம் இல்லம்மா. ஒரே இடத்துல தனித்தனியா இருக்கிற பல பேர்."

"என் கல்யாணத்துல ரெண்டு வீட்டுக்காரங்களும் அப்படித்தான் சார் சாப்பிட்டாங்க," என்றார் ஜீப் டிரைவர் ஜன்னலோரத்திலிருந்து. "விருந்தெல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. யாரும் யாரையும் பார்க்கல."

"அதேதான். ஏம்மா! சாப்பாடு, குடிக்கிறது எல்லாம் உன் பொறுப்பு."

தன்னால் முடியாது என்று அவள் உடனே சொன்னாள். மாடிப்படியிலிருந்து, முகக்கவசத்துக்குள்ளிருந்து, அவள் குரலில் சொன்னாள். ஆகவே ஒத்துக்கொண்டதாகக் குறிக்கப்பட்டது.

மறுநாள் ஒரு சாதாரண ஏற்பாட்டோடு வந்தாள். கேக், உருளைக்கிழங்கு வறுவல், டீ. எந்த ஆபீஸ் விருந்திலும் தவறாத மூன்று. உட்பிரிவு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"டீக்குப் பால் எங்கிருந்து வரும்?"

"பால்காரர்கிட்டருந்து, மேடம்."

"தூள்?"

"கடையிலருந்து."

"ரெண்டும் வேற வேற வீடு. வேற வேற வீட்டுக்காரங்க ஒரே இடத்துல கலக்கக் கூடாது. எப்படி ஒரே கோப்பையில விடுவ?"

"சர்க்கரை?" என்றார் தலைவர் நப்பாசையோடு. அவருக்கு டீ பிடிக்கும்.

"அது மூணாவது வீடு சார்."

கேக்கும் வறுவலும் அதே காரணத்தால் ஒரே தட்டில் இருக்க முடியாமல் போயின. இரண்டு தட்டு வைக்கலாம், தட்டுக்கும் தட்டுக்கும் ஆறடி விடலாம் என்றார் தலைவர். அப்படியானால் கேக்கைத் தின்றுவிட்டு வறுவலுக்கு நடந்து போக வேண்டும், நடந்தால் நடுவில் யாரையாவது கடக்க வேண்டும் என்றார் உட்பிரிவு. சமைப்பவருக்கும் உணவுக்கும் நடுவே எத்தனை அடி என்ற கேள்வியும் எழுந்தது. டிரைவர் அதற்கு ஒரு நீளமான மூங்கிலில் கரண்டியைக் கட்டிக் காட்டினார். ஒத்திகைக்காக அதில் மொண்ட சூப் ஜன்னல் வழியே போய், கீழே நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு வழங்கப்பட்டது.

அன்று மாலை அவள் சமையலறையில் ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கின முட்டையை அவிக்கணும். பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது," என்றாள் அம்மா.

"அம்மா, இதை இதுவரைக்கும் யாருமே தொட்டதில்ல."

"கோழிகூடவா?"

"உள்ள இருக்கிறதை."

அம்மா அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. வந்திருந்தது யோசனை.

தானே தோல் போர்த்திக்கொண்டு வரும் பொருள்களை மட்டும் பரிமாறுவது என்பதுதான் அது. அவித்த முட்டை. வேர்க்கடலை, தோலோடு. ஆரஞ்சு. வாழைப்பழம். ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவை. அவளைப் போல.

உட்பிரிவு ஒவ்வொன்றாக விசாரித்தார். முட்டைக்கு உடனே அனுமதி கிடைத்தது. கடலையில் ஒரு தோலுக்குள் இரண்டு பருப்பு இருந்தது சிக்கலானது.

"ஒரே வீட்ல பொறந்தது மேடம்," என்று முணுமுணுத்தாள். "குடும்பம்."

"ஆரஞ்சுல பத்துச் சுளை இருக்கே?"

"கூட்டுக் குடும்பம்."

வாழைப்பழம் மட்டும் சீப்பாக வரக் கூடாது, தனித்தனியாகப் பிரித்துத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்கப்பட்டது. தலைவர் எழுந்து நின்று, சிரிக்கும் முகத்தோடு, அவளைப் பாராட்டினார். அவளுக்கு முதன்முறையாக நிரந்தரம் என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அதாவது, ஆறடியில்.

சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்றலாம், ஆனால் கழற்றிய முகத்தை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்று விதி இருந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று உண்பது என்று அதுவும் தீர்ந்தது.

"ஆணையருக்கு எந்தச் சுவர்?" என்று கேட்டார் உட்பிரிவு.

"ஈரம் இறங்காத சுவர்," என்றார் தலைவர். அப்படி ஒன்று அந்தக் கட்டடத்தில் இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் தலைவருக்குள் ஒரு கவிஞர் இருந்தார்.

"எல்லாமே தனித்தனியா இருந்தா மனசு ஒரு மாதிரி இருக்கு," என்றார். "குடிக்கிறது மட்டும் ஒண்ணா இருக்கட்டும். ஒற்றுமைக்கு அடையாளமா. கூட்ட அறை நடுவுல ஒரே பீப்பாய், நிறைய திராட்சைச் சாறு. அதுலருந்து ஆளுக்கொரு குழாய். அவங்கவங்க சுவர்ல நின்னுக்கிட்டே உறிஞ்சிக்கலாம்."

"ஒருத்தர் ஊதிட்டா?" என்றார் உட்பிரிவு.

"ஊதக்கூடாதுன்னு எழுதி வைப்போம்."

அப்படியே 'உறிஞ்சலாம், ஊதக்கூடாது' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதப்பட்டது. மீன்தொட்டிக் கடையிலிருந்து நீண்ட குழாய்கள் வந்தன. கீழே கூட்ட அறையில் நாடாவைப் பிடித்தபோது வேறொரு கண்டம் வந்தது. பீப்பாயை நடுவில் வைத்தால் ஆணையர் நிற்கும் இடத்துக்கும் அதற்கும் ஆறடி வரவில்லை.

"பீப்பாய்க்கு எதுக்குங்க ஆறடி?" என்றார் டிரைவர். "அது என்ன இருமவா போகுது?"

"எல்லாரோட குழாயும் அதுலதான் இருக்கு. அது பொது இடம்," என்றார் உட்பிரிவு.

தலைவர் அறையை நீளத்தில் அளந்தார், அகலத்தில் அளந்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார். "விதியில ஆறடின்னுதானே இருக்கு? பக்கவாட்டுலதான் இருக்கணும்னு இல்லையே?"

"இல்ல சார். எந்தத் திசைன்னு குறிப்பிடல."

"அப்ப மேல தூக்குங்க!"

இரும்பு பீரோவை நகர்த்தி அறையின் நடுவில் நிறுத்தி, அதன் தலைமேல் பீப்பாயை ஏற்றினார்கள். குழாய்கள் அதிலிருந்து சுவர்களை நோக்கி ஜடாமுடிபோல இறங்கின.

வாசற்படியில் நின்ற அவள் குழாய்கள் இறங்குவதையே பார்த்தாள். கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. உயரத்தில் இருக்கும் திரவத்தில் குழாயை விட்டு, கீழ் முனையில் ஒருமுறை உறிஞ்சினால் போதும். அப்புறம் வாயை எடுத்தாலும் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், பாத்திரம் காலியாகும்வரை. பரீட்சையில் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எழுதத்தான் அவளுக்கு வரும். சொல்ல வராது.

சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கினாள்.

"எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று அதே கணத்தில் கேட்டார் தலைவர். அவள் கையைப் பார்த்தார். "பார்த்தீங்களா, ஏம்மாவே கை தூக்கிட்டா. ஏகமனதா நிறைவேறியது."

கையை இறக்கிவிட்டாள்.

விருந்து நாள் வந்தது. ஆணையரும் வந்தார். நல்ல ஆகிருதி, வெண்கலத் தொண்டை. பிற பிரிவுகளின் அதிகாரிகளும் வந்து, தரையில் வரைந்த வட்டங்களில் நின்றார்கள். சுவர் நிறைந்துவிட்டதால் அவளுக்கு வழக்கம்போல வாசற்படி. எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி, முகக்கவசங்களை இறக்கி, முட்டை உரிக்கத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து பார்க்க, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பெரிய வகுப்பு ஒன்று தண்டனை அனுபவிப்பது போலிருந்தது.

"முட்டை பிரமாதம்!" என்று ஆணையர் சுவரிடம் சொன்னார்.

"நன்றிங்கய்யா!" என்று தலைவர் பக்கத்துச் சுவரிடம் சொன்னார். "இப்ப எல்லாரும் பானம் அருந்தலாம்!"

உறிஞ்சினார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. கன்னங்கள் குழிந்தன, காதுகள் சிவந்தன. நீட்டிப்பு ஆணையில் கையெழுத்திட வேண்டிய ஆணையருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்தது. குளிர்ந்த திராட்சைச் சாறு. வேண்டிய மட்டும் குடித்தார்கள். குடித்துவிட்டு, கைதட்டுவதற்காகக் குழாய்களைக் கீழே விட்டார்கள்.

குழாய்கள் தங்கள் கடமையைத் தொடர்ந்தன.

எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றதால் தரையைப் பார்க்க யாருமில்லை. ஆணையர் இடைவெளியின் மேன்மை குறித்துச் சுவரிடம் பேசத் தொடங்கியிருந்தார். அறையின் உட்புறம் நோக்கி நின்றது அவள் ஒருத்திதான். கருஞ்சிவப்பாக ஊர்ந்துவந்த சாறு ஆணையரின் செருப்பைச் சுற்றி வருவதைப் பார்த்தாள். அந்தச் செருப்புக்குமேல் தன் நிரந்தரம் நிற்பதைப் பார்த்தாள். அதற்கும் மேலே மாமா துடைத்து வைத்த நாற்காலி தெரிந்தது.

பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த குரல் மொத்தத்தையும் எடுத்துக் கத்தினாள்.

"குழாயைத் தூக்குங்க!"

அந்தக் குரலை யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. கட்டடம் இடிகிறது என்று நினைத்து எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். சாற்றில் திரும்பினார்கள்.

முதலில் ஆணையரின் கால் போனது. அவர் பக்கத்து வட்டத்திலிருந்த உட்பிரிவைப் பிடித்தார். உட்பிரிவு தலைவரின் நாடாவைப் பிடித்தார். நாடா நீண்டுகொண்டே போய், ஆறடியில் நின்று, தலைவரையும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. மற்ற அதிகாரிகள் பதவி வரிசைப்படி மேலே விழுந்தார்கள். டிரைவர் யாரையோ தூக்கிவிடப் போய்க் கடைசியாக விழுந்தார்.

சத்தம் அடங்கியது. இடைவெளி உறுதிப்பாட்டுப் பிரிவு ஒரே குவியலாகக் கிடந்தது.

"யாருய்யா இது? யார் கால் இது?" என்றது குவியலின் அடியிலிருந்து வெண்கலத் தொண்டை.

"உங்களுதுதாங்கய்யா."

"என் கால் ரெண்டும் இங்க இருக்கேய்யா!"

"அப்ப என்னுது. மன்னிச்சுக்குங்க," என்றார் உட்பிரிவு, முதன்முறையாக எந்த விதியையும் சொல்லாமல்.

ஆணையர் சிரித்தார். சிரிப்பு குவியல் முழுக்கப் பரவியது. அதற்கும் ஆறடி தெரியவில்லை. தலைவரின் முகக்கவசம் எங்கோ போயிருந்தது. அடர்ந்த மீசை அச்சில் மட்டும்தான் என்பது அன்று ஊருக்குத் தெரிந்தது. அப்புறம் யாரும் எழுந்திருக்கவில்லை. ஈரத்திலேயே உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் முட்டை உரித்துக் கொடுத்தார்கள். டிரைவரின் உள்ளங்கையிலிருந்த உப்பை ஆணையர் தொட்டுத் தொட்டுத் தின்றார்.

அவள் மட்டும் வாசற்படியில் நின்று, கமோடின் சுகங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினாள்.

வாரத் தொடக்கத்தில் ஆணை வந்தது. 'மேற்படி விருந்தில் ஆணையர் அவர்கள் நேரில் விழுந்து ஆய்வு செய்ததில், குடிமக்களிடையே நெருக்கம் கவலைக்கிடமான அளவுக்குக் குறைந்துவிட்டது தெரியவருகிறது. எனவே மேற்படி பிரிவு இன்று முதல் நெருக்க மேம்பாட்டுப் பிரிவு எனப் பெயர் மாற்றப்படுகிறது. இருவருக்கு நடுவே இனி ஓரடிக்கு மேல் இருத்தல் குற்றம். ஆணையரை உரிய நேரத்தில் விழச்செய்த தற்காலிக உதவியாளரின் பணி நிரந்தரமாக்கப்படுகிறது.'

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று அம்மா தெருவுக்கு ஓடினாள்.

தலைவருக்குப் புது நாடா வாங்கும் செலவில்லை. பழையதிலேயே ஓரடி இருந்தது. உட்பிரிவு இரண்டே நாளில் புது விதிகளையும் உட்பிரிவுகளையும் மனப்பாடம் செய்தார். மேசைகள் ஒட்டிப் போடப்பட்டன. மாடிப்படி ஒழிக்கப்பட்டு, அவள் உள்ளே கொண்டுவரப்பட்டாள். நால்வரின் முழங்கால்களும் நாள் முழுக்க இடித்துக்கொண்டன. முற்பகலில் பேருந்து நிறுத்தத்தில் அவளுக்குப் பணி. முன்பின் தெரியாதவர்களை நெருங்கி, தோளைத் தொட்டு, "சாப்பிட்டீங்களா? மனசுல என்ன கவலை?" என்று கேட்க வேண்டும். அந்த வேலையோடு ஒப்பிட்டால் கமோடு விற்பது தவம்.

மக்கள் வழக்கம்போல ஒத்துழைக்கவில்லை. தள்ளி நில் என்று அபராதம் போட்டபோது ஒட்டி நின்றவர்கள், ஒட்டி நில் என்றதும் அடுத்த தெருவுக்குப் போய் நின்றார்கள்.

"எனக்கென்னம்மா கவலை? நீ தோள்ல கை வச்சிருக்கிறதுதான்," என்றார் ஒரு பெரியவர்.

ஒரு மதிய இடைவேளையில் தாங்க முடியாமல், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மாமா கடைக்கு ஓடினாள். அங்கே கமோடுகளாவது பேச்சுக் கொடுக்காது. வாசலிலேயே மாமா தலையில் கைவைத்து நின்றிருந்தார்.

"வந்தியா? உங்க ஆபீஸ் ஆளுங்களை வந்து பாரு. தினம் இதே நேரத்துக்கு வந்துடுறாங்க. வாங்கவும் மாட்டேங்கிறாங்க, எழுந்திரிக்கவும் மாட்டேங்கிறாங்க."

எட்டிப் பார்த்தாள். கடையின் பின்பகுதி அமைதியாக இருந்தது. வரிசையாக நின்ற கமோடுகளில் ஒன்றில் உட்பிரிவு உட்கார்ந்திருந்தார். தள்ளி இன்னொன்றில் டிரைவர். விலையுயர்ந்த ரகத்தில், சுவரோரமாக, ஆகிருதியான ஒரு முதுகு தெரிந்தது. ஆணையரேதான். நடுவில் தலைவர். எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மிகுந்த நிம்மதியோடு முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை.

ஓசைப்படாமல் போய், காலியாக இருந்த ஒரு கமோடில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த நாடாவைப் பின்பக்கமாக மெல்ல இழுத்து, அவள் முழங்கால்வரை நீட்டிப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார் சுவரிடம், கெஞ்சலாக. "கொஞ்சம் தள்ளி."